அந்தக் குரல் யாருடையது?

சென்னையில் மனச்சிதைவு நோயாளிகள் பலரின் காதுக்குள் கேட்கும் குரல்கள் வீட்டுவேலை ஏவுகின்றன. எழுந்து குளி என்கின்றன, சாப்பிடு என்கின்றன, சும்மா உட்கார்ந்திருக்காதே என்று அதட்டுகின்றன. பேசுவது பெரும்பாலும் உறவுக்காரர் யாராவதுதான்.

இதைக் கேட்டு எழுதியவர் தான்யா லூர்மன், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் பேராசிரியர். கலிஃபோர்னியாவின் சான் மடேயோ, கானா நாட்டின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று ஊர்களில், ஊருக்கு 20 பேர் வீதம் 60 நோயாளிகளிடம் அவரும் சகாக்களும் பேசினார்கள். உங்களுக்குக் கேட்கிற குரலைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுதான் அடிப்படைக் கேள்வி. அமெரிக்கர்கள் பெரும்பாலும் முகம் தெரியாத யாரோ வெட்டு, குத்து என்று வெறியோடு கத்துவதைச் சொன்னார்கள். அக்ராவில் பலரிடம் கடவுள் பேசினார். சென்னையில் பாதிப்பேருக்கு மேல் சொந்தபந்தங்களின் குரல். அது ஏவியது, திட்டியது, சிலரிடம் விளையாட்டும் காட்டியது.

நோய் ஒன்றுதான், மாத்திரையும் ஏறக்குறைய ஒன்றுதான். குரல் மட்டும் எப்படி ஊர்ப்பழக்கம் தெரிந்து பேசுகிறது? மனச்சிதைவைப் பற்றி மூளை ஆய்வு எழுபது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருப்பதை எடுத்துச் சொல்ல இந்தக் கேள்வியைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மனச்சிதைவு என்றதும் ‘அந்நியன்’ படம் நினைவுக்கு வந்தால், அது வேறு சங்கதி. ஒரே உடம்பில் இரண்டு மூன்று ஆட்கள் என்பது இந்த நோய் இல்லை. இங்கே ஆள் ஒருவர்தான். அவருக்கு இல்லாத குரல் கேட்கிறது, எவரோ பின்தொடர்வதாக அசைக்கமுடியாத நம்பிக்கை வருகிறது, பேச்சு கோர்வை இழக்கிறது. இன்னொரு பக்கம் ஆசை, சிரிப்பு, குளியல், வேலை என்று ஒவ்வொன்றாக வற்றிப்போகிறது. உலகம் முழுவதும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ வருகிறது, பெண்களுக்குச் சில வருடங்கள் தள்ளி. அதாவது பையன் கல்லூரியில் சேர்ந்த வருடம், பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய வருடம். குடும்பங்கள் இடிந்துபோவதற்கு அந்தக் காலக்கணக்கும் ஒரு காரணம்.

நகல் வராத கடிதம்

1940-களின் இறுதியில் லூயிஸ் கோல்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குரல் கேட்கிற ஒரு நோயாளி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பதைக் கவனித்தார். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத முணுமுணுப்பு. ஒலிவாங்கி வைத்துப் பெருக்கிக் கேட்டார். எதிரிகள் சொன்னதாக அந்த நோயாளி புகார் சொன்ன வார்த்தைகளும் அந்த முணுமுணுப்பும் ஒத்துப்போயின. 1987-ல் இரண்டு ஆய்வாளர்கள் இதைத் தலைகீழாகச் சோதித்தார்கள். குரல் கேட்கும்போது வாயை அகலமாகத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள் என்று நோயாளிகளிடம் சொன்னார்கள். நாக்கும் உதடும் அசைய வழியில்லை. பெரும்பாலோருக்குக் குரல் அடங்கியது. 1993-ல் லண்டனில் எடுத்த மூளைப் படங்களில், குரல் கேட்கும் நேரத்தில் ப்ரோக்கா பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. ப்ரோக்கா என்பது கேட்கிற இடமல்ல, பேச்சை உருவாக்குகிற இடம்.

ஆக, பேசுகிறவர் அவரேதான். அப்படியானால் தன் குரல் தனக்கே ஏன் அந்நியமாகிறது?

நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. கையை அசைக்கும் முன்பே மூளை தனக்குத்தானே ஒரு குறிப்பு அனுப்பிவிடுகிறது: இது நம்ம வேலைதான், பெரிதுபடுத்தாதே. அரசாங்கக் கடிதங்களின் அடியில் ‘நகல்’ என்று போட்டுச் சம்பந்தப்பட்ட இன்னொரு அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புவார்களே, அப்படி. நாம் பேசும்போதும், மனதுக்குள் பேசிக்கொள்ளும்போதும், பேச்சுப் பகுதியிலிருந்து கேட்கும் பகுதிக்கு ஒரு நகல் போகிறது. அதனால்தான் நம் யோசனை நமக்குச் சத்தமாகக் கேட்பதில்லை. நகல் போய்ச் சேராவிட்டால்? நாமே எழுதிய கடிதம், அனுப்புநர் பெயர் இல்லாமல் நம் மேசையில் வந்து விழுகிறது. லண்டன் ஆய்வாளர் கிறிஸ் ஃப்ரித் முன்வைத்த கருத்து இதுதான். அவரும் சாரா ஜேன் பிளேக்மோரும் செய்த சோதனையில், மாயக்குரல் கேட்பவர்களுக்குத் தாங்களே தொட்டுக்கொள்வதும் பிறர் தொடுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கூசியது.

சென்னைக் குரலுக்கும் விடை இங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அனுப்புநர் பெயர்தான் தொலைகிறது, கடிதத்தின் மொழி தொலைவதில்லை. நம் உள்ளே ஓடும் பேச்சில் பாதி, யாரோ நம்மிடம் சொன்னதுதானே? குளித்தாயா, சாப்பிட்டாயா, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த மூளை அதையே திருப்பிச் சொல்கிறது. மூளைப் படம் காட்டும் கோளாறும் மானுடவியலாளர் கேட்ட குரலும் ஒரே நோயின் இரண்டு முனைகள்.

முயலின் காது

மருந்தின் கதை பீகாரிலும் வங்காளத்திலும் தொடங்குகிறது. சர்ப்பகந்தா வேரைப் பித்து பிடித்தவர்களுக்குக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், அந்த வேர் ரத்தக் கொதிப்பையும் மனக் கொந்தளிப்பையும் தணிப்பதாக மருத்துவ இதழில் எழுதினார்கள். மேற்கு நாடுகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்த பிறகுதான் நியூயார்க் மனநல மருத்துவமனைகளுக்கு அது போனது.

அதே 1952-ல் பாரிஸில் இன்னொரு மருந்து. ஹென்றி லபோரி என்ற ராணுவ அறுவை மருத்துவர், அறுவை சிகிச்சையின்போது உடல் அதிர்ச்சிக்குள்ளாவதைத் தடுக்க எதையோ தேடிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்த குளோர்புரோமசின் நோயாளிகளை விநோதமான அமைதியில் ஆழ்த்துவதைப் பார்த்துவிட்டு மனநல மருத்துவர்களிடம் சொன்னார். சான்த் ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரை கட்டிவைத்தும் ஐஸ் தண்ணீரில் முக்கியும் அடக்கிக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள்.

இரண்டும் ஏன் வேலை செய்கின்றன என்று அப்போது எவருக்கும் தெரியாது. அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஸ்வீடனின் ஆர்வித் கார்ல்சன். முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். அவை காது தொங்கி, கல்லாய்ச் சமைந்தன. டோபமினாக மாறக்கூடிய எல்-டோபாவைக் கொடுத்ததும் எழுந்து காதை நிமிர்த்தின. மூளையில் டோபமின் என்று ஒரு தூதுவேதிப்பொருள் தனியாகவே இயங்குகிறது என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு. 1970-களின் நடுவில் டொரன்டோவில் பிலிப் சீமன், மனநோய் மருந்துகளின் வீரியத்தையும் அவை டோபமினின் டி2 ஏற்பியை எவ்வளவு இறுக்கமாக அடைக்கின்றன என்பதையும் ஒரே வரைபடத்தில் வைத்தார். புள்ளிகள் கோடு போட்டாற்போல வரிசையில் நின்றன. இன்று மருந்துச் சீட்டில் இருக்கும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் எல்லாம் டி2-வை அடைப்பவைதாம்.

டோபமின் கூடினால் எதிர்வீட்டுக்காரர் வேவு பார்ப்பதாக ஏன் தோன்ற வேண்டும்? மூளையில் டோபமின் செய்யும் வேலைகளில் ஒன்று, ‘இது முக்கியம், கவனி’ என்று அடிக்கோடிடுவது. அது கண்டபடி சுரந்தால் கண்டதற்கெல்லாம் அடிக்கோடு விழும். எதிர்வீட்டு இருமல், பஸ்ஸின் நம்பர், செய்தி வாசிப்பவர் ஒரு கணம் கேமராவைப் பார்த்த பார்வை எல்லாமே தனக்குத்தான் ஏதோ சொல்கின்றன என்று தோன்றும். இத்தனை அடிக்கோடுகளுக்கும் சேர்த்து ஒரு விளக்கம் வேண்டும் அல்லவா? அந்த விளக்கம்தான் பிரமை. ஷிதிஜ் கபூர் என்ற ஆய்வாளர் 2003-ல் இதை விரிவாக எழுதினார். மாத்திரை அடிக்கோட்டை நிறுத்தும், ஏற்கெனவே எழுதப்பட்ட கதையை அழிக்காது. மாத்திரை போட்டுப் பத்து நாளாச்சு, இன்னும் அதையே சொல்றானே என்று வீட்டார் அலுத்துக்கொள்வதற்கு இதுவே பதில். கதை வெளிறக் காலம் பிடிக்கும்.

அளவிலும் சிக்கல் உண்டு. டி2 ஏற்பிகளில் 65 சதவீதம் அளவுக்கு அடைபட்டால்தான் பலன் தெரிகிறது, 80 சதவீதத்தை நெருங்கினால் கைநடுக்கமும் விறைப்பும் வந்துவிடுகின்றன. நடுவில் இருக்கும் சந்து மிகக் குறுகல். ரோபோ மாதிரி ஆயிட்டான் டாக்டர் என்று அம்மாக்கள் சொல்வது அந்தச் சந்தின் ஓரச் சுவரில் மோதிய செய்தி.

குரலும் சந்தேகமும் போனபின்னும் பையன் கட்டிலைவிட்டு எழுவதில்லை. இதுதான் டோபமின் கதையின் பெரிய ஓட்டை. விருப்பம் வற்றுவதையும், ஞாபகமும் கவனமும் தேய்வதையும் இந்த மருந்துகள் அநேகமாகத் தொடுவதே இல்லை. சோம்பேறி என்று பெயர் வாங்குவதும், வேலை போவதும், திருமணம் முறிவதும் பெரும்பாலும் இவற்றால்தான். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதுமில்லை. அவர்களுக்கென்று இருப்பது குளோசபின். 1975-ல் ஃபின்லாந்தில் அந்த மருந்தை உட்கொண்ட சிலர் வெள்ளணுக்கள் சரிந்து இறந்துபோக, அது பல நாடுகளில் ஒதுக்கிவைக்கப்பட்டது. வேறு எதற்கும் அசையாத நோயாளிகளில் 30 சதவீதம் பேர் இதில் தேறினார்கள், ஒப்பிடக் கொடுத்த பழைய மருந்தில் 4 சதவீதம்தான் என்று 1988-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிய பிறகு திரும்பி வந்தது, கூடவே ரத்தப் பரிசோதனை நிபந்தனையோடு. டி2-வை அவ்வளவு இறுக்கமாக அடைக்காத ஒரு மருந்து ஏன் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகிறது என்பது இன்னும் தீராத புதிர். சீமன் போட்ட கோடு அதை விளக்கவில்லை.

அம்மாக்கள் செய்யாத தப்பு

1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற உளவியல் மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். பாசமும் காட்டாமல், பிள்ளையை விடவும் மாட்டாத தாய்தான் நோய்க்கு வேர் என்றார்கள். கொலராடோவில் கால்வின் குடும்பத்தில் 12 பிள்ளைகள், அதில் பத்துப் பேர் ஆண்கள், அந்தப் பத்தில் ஆறு பேருக்கு நோய். அந்தத் தாய் எத்தனை ஆண்டுகள் மருத்துவர்கள் முன்னால் குற்றவாளியாக உட்கார்ந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊரில் அந்த இடத்தில் செய்வினையும் சர்ப்ப தோஷமும் புது மருமகளும் இருக்கிறார்கள். கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும் என்று மறைத்துக் கட்டிவைத்து, ஆகாதபோது வந்தவளின் ராசியைக் குறை சொல்வது இங்கே கேட்டுப் புளித்த கதை.

1976-ல் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டோனும் டிம் குரோவும் நாட்பட்ட நோயாளிகள் 17 பேரின் மூளையை அப்போதுதான் வந்திருந்த சிடி ஸ்கேனில் பார்த்தார்கள். மூளைக்குள் திரவம் நிரம்பிய அறைகள் அவர்களுக்குப் பெரிதாக இருந்தன. அதாவது சுற்றியுள்ள திசு குறைந்திருந்தது. தாயின் சுபாவத்தைக் கூண்டில் நிறுத்திய வழக்கு ஆட்டங்கண்டது அங்கேதான்.

மரபணுவின் பங்கு பெரிது, ஆனால் முழுதல்ல. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வர வாய்ப்பு ஏறத்தாழ பாதி. மீதிப் பாதி எங்கே போயிற்று? 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகள் உணவு வரத்தை அடைக்க, மேற்கு நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவான குழந்தைகள் வளர்ந்தபோது அவர்களுக்கு மனச்சிதைவு இரு மடங்கு வந்தது. சீனாவின் 1959-61 பஞ்சமும் அதே கணக்கைக் காட்டியது. நோய் தலைகாட்டுவது இருபது வயதில், விதை விழுந்திருப்பது கருவறையில்.

மரபணுத் தேடல் இப்போது பெருங்கூட்டாக நடக்கிறது. 2014-ல் ஏறத்தாழ 37,000 நோயாளிகளை ஆராய்ந்து மரபணுத்தொகுதியில் 108 இடங்களைக் குறித்தார்கள். 2022-ல் அது 287 ஆயிற்று. மனச்சிதைவு மரபணு என்று தனியாக ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னச் சாய்வுகள் சேர்ந்து ஒருவரைப் பள்ளத்தின் பக்கம் தள்ளுகின்றன, அவ்வளவுதான்.

அந்த இடங்களில் ஒன்று மட்டும் ஒரு கதையே சொன்னது. 2016-ல் ஸ்டீவ் மெக்கரோலின் ஹார்வர்டு குழு, சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் நோய்க்கான வாய்ப்பைச் சற்றே கூட்டுவதைக் கண்டது. சி4 நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஆள், கிருமிகளின்மேல் ‘இதை அப்புறப்படுத்து’ என்று முத்திரை குத்துவது அதன் தொழில். மூளையிலும் அதே முத்திரையை அது நரம்பு செல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் சைனாப்ஸ்களின் மேல் குத்துகிறது. குழந்தைப் பருவத்தில் தேவைக்கு மேல் முளைத்த சைனாப்ஸ்களைப் பதின்வயதில் மூளை கழித்துக் கட்டுகிறது. நெருக்கி விதைத்த நாற்றங்காலில் பயிர் கலைப்பது போல. கலைக்காவிட்டால் பயிர் தேறாது, கை மீறிக் கலைத்தால் வயல் வெறிச்சோடும். இந்தக் கலைப்புதான் அளவு மீறுகிறதோ என்று இர்வின் ஃபைன்பெர்க் 1982-லேயே ஊகித்திருந்தார். சரியாக அந்த வயதில் நோய் ஏன் வெடிக்கிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இதுவரை வரவில்லை. ஆனாலும் சி4 இத்தனை சாய்வுகளில் ஒன்றே ஒன்று. அதைப் பிடித்து மருந்தாக்கிவிடலாம் என்று எழுந்த உற்சாகம் இன்னும் உற்சாகமாகவே இருக்கிறது.

ஆய்வில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பது இந்தத் தேடலின் குறை. சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 3,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட முடிவு அதனாலேயே கவனத்துக்குரியது. நியாசினை, அதாவது பி3 வைட்டமினை, உடல் பயன்படுத்தும் வழியோடு தொடர்புள்ள ஒரு மரபணு அதில் முன்னுக்கு வந்தது. மனச்சிதைவு உள்ளவர்களில் பலருக்கு நியாசின் பட்டால் வழக்கம்போல் தோல் சிவப்பதில்லை என்பது பழைய கவனிப்பு, இரண்டும் எங்கோ கைகோத்துக்கொள்கின்றன. உடனே பி3 மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு ஓடவேண்டாம். ஆய்வு காட்டியது ஒரு தடயத்தை, மருந்தை அல்ல.

கருவறையில் மூளை எப்படி உருவாகிறது என்பதற்கே போதிய விரிவான வரைபடம் இல்லாமல்தான் இத்தனையும் நடந்துவந்தது. 2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் ‘தரணி’ என்ற பெயரில், இரண்டாம் மும்மாதக் கருவின் மூளையை செல் அளவுக்குத் துல்லியமாக 5,132 சீவல்களில் பதிவுசெய்து உலகுக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. நோயுற்ற மூளை எங்கே வழிமாறியது என்று பார்க்க, வழி மாறாத மூளையின் படம் முதலில் வேண்டும்.

கடிகாரத்தில் பாதி

இத்தனை ஸ்கேன், இத்தனை மரபணு இருந்தும் மனச்சிதைவை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. பெரிதான அறைகள் சராசரியில்தான் தெரிகின்றன, தனி ஒருவரின் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. மருத்துவர் கேட்கிறார், கவனிக்கிறார், எத்தனை மாதமாக என்று விசாரிக்கிறார். நூறு வருடத்துக்கு முன் இருந்த முறைதான். ஸ்கேன் எடுக்கும் மருத்துவர்கள் அதை எடுப்பது வேறு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க.

ஒளிந்திருப்பதும் உண்டு. 2009-ல் நியூயார்க் போஸ்ட் நிருபர் சூசானா கஹலன், 24 வயது, திடீரென்று சந்தேகமும் வலிப்பும் வந்து மருத்துவமனையில் கிடந்தார். மனநோய் என்ற பேச்சு வந்துவிட்டது. சூஹேல் நஜ்ஜார் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். அவர் பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலப்பக்கமே நெருக்கி எழுதினார். மூளையின் ஒரு பாதியில் அழற்சி என்பதற்கு அது தடயம். அவருக்கு வந்திருந்தது, அவருடைய எதிர்ப்பு மண்டலமே மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் நோய். அதை ஹோசெப் டல்மாவ் விவரித்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் சிகிச்சையில் அவர் தேறி வேலைக்குத் திரும்பினார். மனச்சிதைவு என்று நாம் ஒரே பெட்டியில் போட்டிருப்பது பல நோய்களின் கூட்டமாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது வலு சேர்த்தது. இந்தப் பெட்டியிலிருந்து இன்னும் எத்தனை பெயர்கள் வெளியே வருமோ.

பெயர் என்றதும் ஒன்று. ஜப்பானியர்கள் மனப்பிளவு என்று பொருள்பட்ட பழைய பெயரை 2002-ல் கைவிட்டு, ஒருங்கிணைவு குலைந்த நிலை என்று மாற்றினார்கள். கொரியர்கள் அடுத்த பத்தாண்டில், தந்தி வாத்தியத்தைச் சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் சொல்லில் புதுப்பெயர் வைத்தார்கள். நாம் இன்னும் சிதைவில் நிற்கிறோம். சிதைந்தது ஒட்டாது, சுருதி கலைந்தது சேரும். இந்தக் கட்டுரையிலும் பழைய பெயரையே எழுத வேண்டியிருக்கிறது, வேறு சொல் புழக்கத்தில் இல்லை.

பேருந்தில் வந்த மருத்துவர்

2024 செப்டம்பரில் அமெரிக்கா கோபென்ஃபை என்ற மருந்தை அனுமதித்தது. டோபமின் ஏற்பியைத் தொடாமல் வேறு வழியில் போகும் முதல் மனச்சிதைவு மருந்து. அதன் பாதி, 1990-களில் அல்சைமர் நோய்க்காகச் சோதித்துக் கைவிட்ட ஸனோமலின். அப்போதே அது நோயாளிகளின் மாயக்காட்சிகளையும் சந்தேகத்தையும் குறைத்தது, ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தாங்கவில்லை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையமுடியாத ட்ரோஸ்பியம் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தால், வயிற்றில் மட்டும் ஸனோமலினின் வேலையைத் தடுக்கலாமே என்று ஒருவர் யோசித்தார். ட்ரோஸ்பியம் சிறுநீர்ப்பை மருந்து. இருபது வருடம் அலமாரியில் கிடந்தது இந்த எளிய யோசனையால் உயிர்பெற்றது. அறிமுகமானபோது விலை மாதம் சுமார் 1,850 டாலர். அதே பாதையில் வந்த இன்னொரு நிறுவனத்தின் எம்ராக்ளிடின் 2024 நவம்பரிலேயே தோற்றது. பழைய மருந்தோடு கோபென்ஃபையைச் சேர்த்துக் கொடுத்த சோதனையும் 2025-ல் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. கொண்டாடுவதற்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

கையில் இருக்கிற மருந்தே எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்பது இங்குள்ள பிரச்சினை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கூரைக்கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். குளோர்புரோமசின் வந்து அப்போது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள். கட்டிவைப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்தது 2017-ல்.

கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தை நீண்ட காலம் தலைமையேற்று நடத்திய மருத்துவர் சாரதா மேனன், 1984-ல் ஸ்கார்ஃபைத் தொடங்கினார். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாக இருந்த காலம். அவருக்குப் பின் வந்த தாராவும் சகாக்களும் சென்னையில் முதன்முறை நோய் கண்ட 90 பேரை 1980-களின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் பின்தொடர்ந்தார்கள். உலகில் இப்படிப்பட்ட ஆய்வுகள் சொற்பம். இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் மிகச் சிலரே என்று அது காட்டியது. ஏழை நாடுகளில் நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளும் சொல்லிவந்தன. நம் கூட்டுக்குடும்பத்தின் மகிமை என்று நாம் மார்தட்டிக்கொள்ள வசதியான முடிவு. 2008-ல் அந்த மார்தட்டலைக் கேள்வி கேட்டு வெளியான கட்டுரையை எழுதியவர்களில் தாராவும் ஒருவர். இறந்துபோனவர்களையும், கைவிடப்பட்ட மனைவிகளையும், மருத்துவமே காணாதவர்களையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொன்னது அது. தன் ஊருக்குச் சாதகமான முடிவைத் தானே சோதிப்பதைத்தான் நான் அறிவியல் நேர்மை என்பேன்.

காஞ்சிபுரம், கோவா, சத்தாரா ஆகிய இடங்களில் நடந்து 2014-ல் வெளியான இன்னொரு சோதனையில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். மாத்திரை போட்டாரா என்று பார்ப்பது, வீட்டாரோடு பேசுவது, ஏதாவது வேலையில் ஈடுபடுத்துவது. மருத்துவமனைக்கு வந்துபோவதோடு இதுவும் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிடச் சற்று நன்றாகத் தேறினார்கள். புதுக்கோட்டையில் 2010-லிருந்து ஸ்கார்ஃபின் பேருந்து ஒன்று கிராமங்களுக்குப் போயிற்று. உள்ளே திரையில் சென்னை மருத்துவர், பக்கத்திலேயே மருந்து. ஊசியா மாத்திரையா, மாதாமாதம் யார் வாங்கி வருவது, அவன் தூங்கினானா என்ற பேச்சுகளில்தான் இந்த நோயின் சிகிச்சை பெரும்பகுதி கழிகிறது.

லண்டனில் ஜூலியன் லெஃப் என்ற மனநல மருத்துவர் 2008-ல் ஒரு முறையை உருவாக்கினார். நோயாளி தன்னைத் துன்புறுத்தும் குரலுக்குக் கணினியில் ஒரு முகம் வரைந்துகொள்கிறார், குரலின் தொனியையும் அமைத்துக்கொள்கிறார். அடுத்த அறையிலிருந்து சிகிச்சையாளர் அந்த முகத்தின் வாயால் பேசுகிறார். முதலில் அதே மிரட்டல். நோயாளி எதிர்த்துப் பேசப் பேச, வாரம் வாரமாக அந்த முகம் இறங்கிவருகிறது. 150 பேரிடம் செய்து 2018-ல் வெளியிட்ட சோதனையில், பன்னிரண்டு வாரத்தில் குரலின் தொல்லை நன்றாகவே குறைந்திருந்தது.

முகமில்லாத குரலுக்கு முகம் கொடுத்து, அதை உறவாடக்கூடிய ஆளாக்குவதற்கு லண்டனில் ஒரு கணினி தேவைப்படுகிறது. லூர்மன் பேசிய சென்னைக்காரர்களில் பலருக்கு அந்த முகம் முன்பே தெரியும்.